நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்

ஆலப்புழை
9 ஜூலை 2025

திரு. அப்துல் சத்தார் அவர்களுக்கு,

வணக்கம். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். இங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு நீராவிப் படகு தயாராகிறது. முப்பத்திரண்டு அடி நீளம், பதினெட்டுப் பேர் உட்காரலாம். அதன் எஞ்சினையும் பாய்லரையும் ஓட்டப் போகிறவன் நான். பாய்லரை ஆம்பூரில் செய்யச் சொல்லியிருப்பதாகப் படகு முதலாளி சொன்னார். யாரிடம் என்று கேட்டேன். உங்கள் பட்டறைப் பெயரைச் சொன்னார்.

நம் பழைய கதையை அவரிடம் சொல்லவில்லை. பாண்டியன் வேண்டுமென்றே ஆர்டரைக் கெடுத்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். ஆனால் வரைபடத்தை நான் பார்த்துச் சரி என்ற பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு என்றால் சொன்னதைச் சொல்லவில்லை என்றும் சொல்லாததைச் சொன்னதாகவும் ஆகிவிடும். எனக்கு அது ஒருமுறை ஆனது போதும்.

இப்படிக்கு,
மு. பாண்டியன்


ஆம்பூர்
15 ஜூலை 2025

அன்புள்ள பாண்டியா,

பதிமூன்று வருஷம் கழித்து உன் கையெழுத்து. கோழி கிளறினது போல அப்படியே இருக்கிறது. 'திரு', 'அவர்கள்', 'மு. பாண்டியன்' எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னா அத்தா, இன்கம் டாக்ஸ்லருந்து வந்துச்சா?" என்று என் மகள் கேட்டாள். ஷஹீன் பானுவை நினைவிருக்கிறதா? பட்டறைக்கு வந்தால் உன் டிபன் டப்பாவில் அப்பளத்தை மட்டும் பொறுக்கித் தின்பாளே, அவள்தான். இப்போது எஞ்சினியர். கணக்கு என்னுடையது, கம்ப்யூட்டரில் படம் போட்டது அவள்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே ஒரு டிரம், கீழே இரண்டு சின்ன டிரம். மேலிருந்து இரண்டு பக்கமும் கூரை போலச் சாய்ந்து இறங்கும் குழாய்கள், பக்கத்துக்கு ஐம்பத்தாறு. நடுவில் அடுப்பு. குழாய்க்குள்ளே தண்ணீர், வெளியே தீ. உள்ளே இருக்கும் தண்ணீர் கம்மி என்பதால் சீக்கிரம் ஆவி வரும், எடையும் ஏறாது. சின்னப் படகுக்கு இதைவிடத் தோதானது கிடையாது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எழுது. சந்தேகப்படுகிறவன் உடம்பைச் சொல்லக் கூடாது என்று சட்டமா?

அன்புடன்,
சத்தார்


ஆலப்புழை
22 ஜூலை 2025

திரு. சத்தார் அவர்களுக்கு,

உடம்பு சுகம். படம் கிடைத்தது. இரண்டு கேள்விகள்.

இந்த வகைப் பாய்லரில் மேல் டிரம்மிலிருந்து கீழ் டிரம்முக்குத் தண்ணீர் இறங்குவதற்கென்று தீ படாமல் வெளியே இரண்டு பெரிய குழாய் இருக்கும். உங்கள் படத்தில் அது இல்லை. எல்லாக் குழாயிலும் தீ பட்டால் எல்லாத் தண்ணீரும் மேலேதான் போகும். கீழே எதன் வழியாக இறங்கும்? இறங்காவிட்டால் குழாய் வறண்டு வெடிக்கும். மறந்து விட்டீர்களா, அல்லது வேலை மிச்சம் என்று விட்டீர்களா?

இரண்டாவது, முதலாளியிடம் முந்நூற்று எண்பது கிலோ என்று சொல்லியிருக்கிறீர்கள். படத்தில் இருக்கும் தகட்டைக் கூட்டிப் பார்த்தால் நானூற்று அறுபது வருகிறது. படகில் எண்பது கிலோ விளையாட்டு இல்லை. எங்கே போனது அந்த எண்பது?

மு. பாண்டியன்


ஆம்பூர்
29 ஜூலை 2025

அன்புள்ள பாண்டியா,

எடையைக் கண்டுபிடித்து விட்டாய். முதலாளியிடம் சொன்னது முதல் கணக்கு. அதன் பிறகு கீழ் டிரம் இரண்டுக்கும் போல்ட் போட்ட மூடி வைத்தேன். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு குழாயையும் தனியாக வெளியே இழுக்கலாம். குழாய்கள் நேராக இருப்பதும் அதற்குத்தான். மேலே டார்ச்சைப் பிடித்தால் கீழே வெளிச்சம் தெரிய வேண்டும். ஆம்பூர் தண்ணீரில் உப்பு படிந்து குழாய் அடைத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத குழாயை எனக்கு நம்பத் தெரியாமல் போய்விட்டது. உங்கள் காயலிலும் பாதி நாள் உப்புத் தண்ணீர்தானே. அந்த எண்பது கிலோ மூடியும் போல்ட்டும்தான். இதை முதலாளிக்கு எழுதாதது என் தப்பு, இன்றே எழுதுகிறேன்.

இறங்கும் குழாயைப் பற்றி நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நீயே செய்து பார். ஒரு கண்ணாடிக் குழாயை லாடம் போல வளைத்து, இரண்டு முனையையும் மேலே ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் சேர்த்துக்கொள். கிணற்றுக்குப் போடுகிற கலர் மருந்தில் ஒரு துளி விடு. ஒரு காலுக்குச் சூடு காட்டு. அதில் தண்ணீர் ஏறும், மற்றதில் இறங்கும். ஓடத் தொடங்கிய பிறகு மற்றக் காலுக்கும் அதைவிடக் கம்மியாகச் சூடு காட்டு. ஓட்டம் நிற்கிறதா, பார்த்துவிட்டு எழுது. தீயோர வரிசையில் தண்ணீர் ஏறும், சூடு கம்மியான கடைசி வரிசையில் இறங்கும் என்பதுதான் என் படம்.

சத்தார்


ஆலப்புழை
12 ஆகஸ்ட் 2025

திரு. சத்தார் அவர்களுக்கு,

செய்து பார்த்தேன். முதல் கண்ணாடி வெடித்தது. இரண்டாவதில் ஓட்டம் நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. இறங்கும் குழாய் கேள்வியை நான் திரும்பப் பெறுகிறேன். மூடிக்குப் போகும் எடையையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வதே எனக்கு நெருடுகிறது. சென்ற வாரம் வாணியம்பாடியிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். மூடிப்போன ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் பாய்லரை உங்கள் பட்டறை வாசலில் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். "நல்ல டியூப்புங்க, அப்படியே முழுசா உருவுறாங்க" என்றார்.

2012-ஐ நானும் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது இன்னொரு தோல் ஷாப்பின் பாய்லருக்கு நாம் குழாய் மாற்றினோம். குழாய் முனையை டிரம் ஓட்டையில் விட்டு, ரோலர் போட்டு விரித்து இறுக்கியது என் கை. ஒன்பதாம் நாள் ஒரு குழாய் முனையில் கிழிந்து, பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த கணியம்பாடி கோவிந்தசாமியின் இரண்டு காலும் வெந்து போயின. குழாய் பழசோ என்று நான் கேட்டேன். நீங்கள் அத்தனை பேர் முன்னால், "டியூப்பு புதுசு. பாண்டியன்தான் ஜாஸ்தி விரிச்சுட்டான், முனை மெலிஞ்சு பூட்ச்சு" என்றீர்கள். கிழிந்த முனையைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டது என்றீர்கள்.

ஆகவே எழுத்தில் கேட்கிறேன். இந்த நூற்றுப் பன்னிரண்டு குழாய்களும் புதியவையா?

மு. பாண்டியன்


ஆம்பூர்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாண்டியனுக்கு,

புதியவை. நூற்றுப் பன்னிரண்டும். இங்கே உடைக்கும் பாய்லர் வேறொருவருடையது, வாசலில் இடம் கொடுத்தேன், அவ்வளவுதான். அதன் குழாய் ஒன்றுகூடப் பட்டறைக் கதவைத் தாண்டவில்லை. ஆலையிலிருந்து வந்த சோதனைச் சான்றிதழின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒவ்வொரு குழாயிலும் பானு எண் பொறித்திருக்கிறாள். இங்கே விரித்து இறுக்கப் போவது சம்பத் என்ற ஆள், நல்ல கைக்காரன்.

கடிதத்தின் மற்ற பகுதிக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாய்லரைப் பற்றி மட்டும் எழுதிக்கொள்வோமே.

சத்தார்


ஆலப்புழை
20 செப்டம்பர் 2025

சத்தார்,

பாய்லர் பத்திரமாக வந்து சேர்ந்தது. பத்து நாளாக அதனோடுதான் குடித்தனம். மூடிகளைக் கழற்றி, நூற்றுப் பன்னிரண்டு குழாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். முனைகளை அளந்தேன். ஓடப்போவது பத்து கிலோ அழுத்தத்தில். நான் தண்ணீர் நிரப்பிப் பதினைந்து வரை ஏற்றினேன். அரை மணி நேரம் முள் அசையவில்லை. ஒரு இணைப்பில்கூடக் கசிவு இல்லை. என்னென்ன சந்தேகப்பட்டேனோ அத்தனையும் பொய்யாகிவிட்டது.

அப்போதுதான் யோசித்தேன். இதில் இவ்வளவு சுத்தமாக இருப்பவன் அன்றைக்கு மட்டும் ஏன் பொய் சொல்லியிருக்க வேண்டும்? அன்று தப்பியது என் கைதான். உள்ளுக்குள் எனக்கு அது எப்போதும் தெரிந்திருக்கும் போல. அதற்குப் பிறகு நான் ரோலரைத் தொட்டதே இல்லை. இங்கே வந்து எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பிழைத்துக்கொண்டேன். வருஷம் ஒருமுறை கணியம்பாடி போவேன். கோவிந்தசாமி கோபப்பட்டதே இல்லை. "வுடு பாண்டியா, கை தவறாத ஆளு யாரு?" என்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன்னைத் திருடன் என்று நினைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. அக்டோபர் பத்தாம் தேதி முதல் தீ வைக்கிறோம். பானுவைக் கூட்டிக்கொண்டு வா.

உன்,
பாண்டியன்


ஆம்பூர்
27 செப்டம்பர் 2025

பாண்டியா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ வைதுகொண்டே இருந்திருந்தால் நான் இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். மன்னிப்பு கேட்டாய் பார், அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

உன் கை தவறவில்லை. அன்று எட்டுக் குழாய் குறைந்தது. தோல் ஷாப்காரன் ஏற்றுமதிச் சரக்கு நிற்கிறது என்று தினமும் வாசலில் வந்து கத்தினான். நீ அரக்கோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், வேறு பாய்லரில் உருவிய எட்டுக் குழாயைத் தேய்த்து, எண்ணெய் தடவி, புதுக்கட்டோடு கலந்து வைத்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே முனை அரித்துப் போயிருந்தது. நீ எப்போதும் விரிக்கிற அளவுக்குத்தான் விரித்தாய். செத்த குழாயை உன் கைக்குக் கொடுத்தவன் நான்.

கிழிந்த முனை காயலான் கடைக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் பாலாற்றுப் பாலத்தில் நின்று நானே வீசினேன். உண்மையைச் சொன்னால் பட்டறை போய்விடும் என்று பயந்தேன். பானுவுக்கு அப்போது பத்து வயது. உன் பெயரைச் சொன்னால் ஒரு வாரம் திட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ மறக்கமாட்டாய் என்று நான் யோசிக்கவே இல்லை. அப்படி யோசிக்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

நேற்று பானுவிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பாய்லரில் நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு நீ அதில் தீ வைக்க மாட்டாய் என்று தெரியும். பதினெட்டுப் பேர் ஏறுகிற படகு. நம்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சத்தார்


ஆலப்புழை
14 அக்டோபர் 2025

சத்தார்,

பத்தாம் தேதி தீ வைக்கவில்லை. முதலாளியிடம் முழுக்கதையையும் சொல்லி, உன் கடிதத்தையும் காட்டினேன். தேதி தள்ளிப் போயிற்று. திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டார். ஒரு குழாயை அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.

எந்தக் குழாய் என்று நீ முன்கூட்டியே யூகித்திருக்கக் கூடாது. அதனால் முதலாளியின் மனைவியிடம், நூற்றுப் பன்னிரண்டுக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னேன். அறுபத்தேழு என்றார். வலப்பக்கம், தீயோர வரிசையில் பதினொன்றாவது. அறுத்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து, இருபது இடத்தில் கனம் பார்த்தேன். எல்லா இடத்திலும் மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். உள்ளே ஒரு புள்ளி துருகூட இல்லை. புதுக் குழாய்.

வீட்டுக்குப் போய் அழுதேன். புதுக் குழாய் என்பதற்காகவா, என் கை தவறவில்லை என்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயதில் நீ என் தொழிலைப் பிடுங்கிவிட்டாய். இதை மன்னிக்க முடியுமா என்று இப்போது கேட்காதே.

அறுபத்தேழாவது இருந்த இடத்தில் இப்போது மேலும் கீழும் ஓட்டை. இரண்டையும் அடைத்துவிட்டு ஒரு குழாய் இல்லாமலே ஓட்டலாம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அடைக்கப் போவதில்லை.

முதலில் கணியம்பாடி போ. கோவிந்தசாமியையும் அவர் வீட்டுக்காரம்மாவையும் உட்கார வைத்து, எனக்கு எழுதியதை உன் வாயால் சொல். அவர் எனக்கு போன் செய்வார். செய்த பிறகுதான் நீ ரயில் ஏற வேண்டும். ஒரு புதுக் குழாயும் ரோலரும் எடுத்து வா. சம்பத்தை அனுப்பாதே. குழாயை நீ பிடித்துக்கொள், விரிக்கப் போவது நான்.

தீ வைக்கிற அன்று படகில் வேறு யாரும் ஏறக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நீயும் கரையில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. முள் பத்தைத் தொடும்வரை பாய்லருக்கு முன்னால், என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பாண்டியன்