அறுபது சீட்டுப் பஞ்சம்

மச்சாள்,

இன்று உங்கள் சீட்டுக்கட்டை வெயிலில் காயவைத்தேன். மாரி மழைக்கு அலுமாரி முழுக்கப் பூஞ்சணம். பெட்டியைத் திறந்ததும் நோவெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உங்கள் இடுப்புக்குக் காலையும் மாலையும் நான் பூசிவிட்ட எண்ணெய். தடவிப் பார்த்த கையாலேயே சீட்டையும் பிடிப்பீர்கள். கையைத் துடையுங்கோ என்றால், "உன்ர சீட்டே? என்ர சீட்டுத்தானே" என்பீர்கள். செத்து எட்டு மாதமாகியும் மணமாக வந்து வீட்டுக்குள் இருக்கிறீர்கள். வந்ததுதான் வந்தீர்கள், இருந்து கேளுங்கள்.

நீங்கள் என் வீட்டுக்கு விருப்பத்தோடு வரவில்லை. கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தபோது உங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். மூத்தவன் போனில், "மாமி, கொஞ்ச நாளைக்கு அம்மாவைப் பாருங்கோ" என்றான். உங்கள் புருஷனும் இல்லை, உங்கள் தம்பியும் இல்லை. தம்பியைக் கட்டினவள் நான் ஒருத்திதான் மிச்சம். ஓட்டோ வாசலில் நின்றதும், "வாங்க மச்சாள்" என்று ஓடிவந்தேன்.

"வாங்கவோ? 'கோ'வை எங்கையடி விட்டிட்டு வந்தனி, தேயிலைக்குள்ளயோ?"

ஐம்பது வருடமாக உங்களைப் போலத்தான் கதைக்கிறேன். பதற்றத்தில் 'வாங்கோ' என்பதற்கு மலைநாட்டு 'வாங்க' தப்பி வந்துவிட்டது. இடுப்புத்தான் முறிந்திருந்தது, காதுக்கு ஒரு குறையும் இல்லை.

ஓம், நான் மலையிலிருந்து வந்தவள்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு மட்டும். உங்கள் வயலில் கூலிக்குக் களை பிடுங்கியவள். உங்கள் தம்பி என்னைக் கட்டியது உங்களுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. கட்டிய மூன்றாம் வருடம், கோடையில் விதைக்கிற சிறுபோகம். குளத்துத் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்து விடுகிற வட்டவிதானை உங்கள் புருஷன். எங்கள் முறை நாளில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் வாயில் பலகை போட்டு அடைத்திருந்தது. அடுத்த முறையும் அப்படியே. கேட்டதற்கு, "குளத்திலை தண்ணி காணாது" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பக்கத்து வயல்களில் தவளை கத்திக்கொண்டிருந்தது. எங்கள் நெல் கதிர் தள்ள முந்தியே கருகியது. உங்கள் தம்பி கொக்கிளாய்க்குக் கரைவலை இழுக்கப் போனார். இரண்டு வருடம். மகள் நடக்கப் பழகியதை அவர் காணவில்லை.

பலகையைப் போடச் சொன்னது நீங்கள் என்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். நான் சீட்டுப் பிடித்ததே அதற்காகத்தான், மச்சாள். வேறொன்றுக்குமில்லை.

பேத்தி மதியின் போட்டோ கொப்பிக் கடை மாங்குளம் சந்தியில். ஞாயிறு பின்னேரம் இளசுகள் அங்கே கூடி மிருகச் சீட்டு விளையாடுவார்கள். மதிக்கு உதவியாக நான் கடைக்குப் போகும்போது, வீட்டில் தனியே விட ஏலாமல் உங்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு மாதத்துக்குள் இரண்டு கிழவிகளும் மேசையில் இருந்தோம். சீட்டுகளில் இங்கிலிசில் இருந்ததை மதி தமிழில் எழுதி ஒவ்வொரு சீட்டின் உறைக்குள்ளும் துண்டு வைத்துத் தந்தாள். ஆளாளுக்கு அறுபது சீட்டைத் தானே தெரிந்து கட்ட வேண்டும். முறைக்கு ஒரு ஊற்றுச் சீட்டு வைக்கலாம். ஊற்றுச் சேரச் சேரப் பெரிய மிருகங்களை இறக்கலாம். அவை எதிராளியின் இருபது உயிரையும் தின்ன வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நீங்கள் மிருகமாகவே சேர்த்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே எட்டு ஊற்றுக் கேட்கிற கொம்பன் யானை. முதல் ஐந்து ஞாயிறும் வென்றீர்கள். "இவளுக்கு மிருகம் மேய்க்கவும் தெரியாது" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள்.

ஆறாவது கிழமை, ஒருவரும் விரும்பாத சீட்டுகள் கிடந்த பிஸ்கற் பெட்டியை மதியிடம் கேட்டு வாங்கினேன்.

"எல்லாத்தையும் வாசி பிள்ளை."

"இது எதிராளியின்ர ஊற்றை உடைக்கும். இது ரெண்டு பேரின்ரையும் உடைக்கும், அதாலை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. இது கையில இருக்கிற சீட்டை எறிய வைக்கும். இது வந்தால் எல்லா மிருகமும் ஒரு ஊற்றுக் கூடக் கேக்கும்."

"அதுகளை எல்லாம் எடு."

"அம்மம்மா, இதுக்குள்ள வெல்லுறதுக்கு ஒரு மிருகமும் இல்லையே."

"நான் வெல்லத் தேவையில்லை. அவ தோத்தால் காணும்."

"மிருகம் இல்லாட்டி ஆட்டம் முடியாது அம்மம்மா!"

"அப்ப இருக்கிறதுக்குள்ள சின்னன் ஒண்டு தா."

அவள் நண்டைத் தந்தாள். ஒரு ஊற்றுக்கு வரும். முறைக்கு ஒரு உயிர் கிள்ளும்.

முதலில் கட்டியது பிழையாகப் போனது. உடைக்கிற ஆசையில் என் ஊற்றுகளைக் குறைத்துவிட்டேன். பட்டினி போடப் போனவள் பட்டினி கிடந்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று மேசையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து தரையில் பரப்பி வைத்து யோசித்தேன். இருபத்திரண்டு ஊற்று, நான்கு நண்டு, மிச்சம் முப்பத்திநான்கும் தடை. முதலில் நண்டை இறக்க வேண்டும். பிறகு இரண்டு பேரின் ஊற்றையும் சேர்த்தே உடைக்க வேண்டும். இல்லாமை இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் எனக்கு ஒன்று போதும், உங்கள் கொம்பனுக்கு எட்டு வேண்டும். இருந்து பழகினவளுக்கும் இல்லாமல் பழகினவளுக்கும் உள்ள வித்தியாசத்தை அறுபது சீட்டில் கட்டினேன். அஞ்சாம் வகுப்புக்காரி கட்டியது.

அதன் பிறகு நீங்கள் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. கிளிநொச்சியிலிருந்து வருகிற பெட்டை ஒருத்தி, "இது விளையாட்டில்லை ஆச்சி, சித்திரவதை" என்று பாதியில் எழும்பிப் போனாள். மற்றவர்களும் என் முன்னால் இருக்க மறுத்தார்கள். நீங்கள் மட்டும் இருந்தீர்கள். ஒரு சீட்டும் போட ஏலாமல் முக்கால் மணித்தியாலம் இருப்பீர்கள். மத்தியானம் மீனில் முள் எடுத்து உங்கள் தட்டில் வைத்தது இந்தக் கை. பின்னேரம் உங்கள் கையில் ஒரு சீட்டும் மிஞ்சாமல் எறிய வைத்ததும் இதே கை. இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்தேன்.

பத்து மாதம் இப்படியே போனது. பிறகு உங்களுக்கு வருத்தம் கடுமையாகியது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு கட்டிலில் சாய்ந்தபடி விளையாடினீர்கள். உங்களுக்கு மூன்று உயிர் மிச்சம். அப்போதுதான் வைத்த ஒரே ஒரு ஊற்று. கையில் கொம்பன். மறைக்கவும் இல்லை, என் பக்கம் திருப்பியே பிடித்திருந்தீர்கள்.

"ஒருக்கா இவனை வர விடடி."

"அண்டைக்குப் பலகை போடச் சொன்னது ஆர்?"

மதி எழும்பப் பார்த்தாள். "இரு பிள்ளை, நீயும் கேள்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து:

"அந்த மனுசனைக் குறை சொல்லாதை. அவர் உனக்குத் தண்ணி விடத்தான் நிண்டவர். நான்தான் போய்ப் போட்டனான், ரெண்டு முறையும். என்னைக் காட்டிக் குடுக்காமல்தான் தண்ணி காணாதெண்டவர். பசி வந்தால் நீ உன்ர சனத்திட்டை ஓடிவிடுவாய், தம்பி வீட்டை வருவான் எண்டு நினைச்சன். நீ ஓடேல்லை. அவன்தான் போனான்."

"செய்தது பிழையெண்டு சொல்லுங்கோ."

"நினைச்சது நடக்கேல்லை, அதுதான் பிழை. நடக்க ஏலுமெண்டால் இப்பவும் போய்ப் போடுவன்." மேசையில் கிடந்த என் சீட்டுகளைக் காட்டினீர்கள். "நீ இவ்வளவு நாளும் செய்தது என்னவாம்? எனக்கு விளங்கேல்லையெண்டு நினைச்சனியோ? முதல் நாளே விளங்கிட்டுது. அதுதான் ஒவ்வொரு ஞாயிறும் வந்தனான்."

"அம்மம்மா, விடுங்கோ. காணும்" என்றாள் மதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழெட்டு முறை நான் சும்மா இருந்தால் யானை வந்திருக்கும். நீங்கள் கேட்டது அவ்வளவுதான். நான் அந்த ஒற்றை ஊற்றையும் உடைத்தேன். நண்டு மூன்று முறை கிள்ளியது. முதல் இரண்டு கிள்ளுக்குப் பிறகும் நீங்கள் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து, "சரி, உன்ர முறை" என்றீர்கள். தோற்றேன் என்று சீட்டைப் போடவில்லை. மூன்றாவது கிள்ளோடு எல்லாம் முடிந்ததும், "தேத்தண்ணி ஊத்து" என்றீர்கள். ஊற்றினேன், சீனி கூடப் போட்டு. ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

செத்த வீட்டுக்கு வந்த உங்கள் மூத்தவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமி, அம்மாவைத் தெய்வம் மாதிரிப் பாத்தியள்" என்று அழுதான். "ஓம் ராசா" என்றேன். அதற்குப் பிறகு ஊரில் அந்தப் பலகைக் கதை தெரிந்த ஒவ்வொருத்தியும் கேட்டாள், கடைசியில் மன்னித்தாயோ என்று. அவ கேட்கவில்லை, கேட்டிருந்தால் குடுத்திருப்பன் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். நல்ல பெயரும் கிடைத்திருக்கிறது.

உங்களுக்கு எழுதும்போது அந்தப் பொய் கைக்கு வருகிறதில்லை. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன், மச்சாள். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் யானையைக் கேட்டீர்கள், மன்னிப்பைக் கேட்கவில்லை. இப்போது அந்த மன்னிப்பு என்னிடமே கிடக்கிறது, ஒரு மூலையும் குறையாமல். மகளுக்கோ மதிக்கோ கொடுக்கலாமென்றால், அது உங்கள் அளவுக்குத் தைத்தது. வேறு ஒருவருக்கும் பொருந்தாது.