உங்கள் வளைவில் யாரும் கத்தி வைக்கக் கூடாது

என் மலைக்காரருக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து கிளம்பிக்கொண்டுதான் இருப்பீர்கள். அங்கேயும் ஏதாவது மலை இருக்கிறதா? இருந்தால் அதற்கும் என் சாபம் உண்டு.

ஆமாம், எனக்கு இன்னும் பொறாமைதான். மற்றப் பெண்கள் புருஷன் சீட்டாடப் போகிறான், குடிக்கப் போகிறான் என்று மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு வாய்த்த சக்களத்தி பச்சைமலை. வாரத்தில் ஆறு நாள் ஆபீஸும் மின்சார ரயிலும் உங்களை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த ஒரு நாளையும் மலையின் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் முள் வெட்டக் கொடுத்தீர்கள். சம்பளம் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சேலையூர் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு வளர்ந்த செம்பருத்தியை வெட்டச் சொன்னால் மட்டும் "அடுத்த வாரம்" என்பீர்கள்.

"ஜனங்க நடக்கிற பாதைடி. கொழந்தைங்க வர்றாங்க. முள்ளு குத்தினா யாரு பாக்கறது?" என்றீர்கள் ஒருமுறை.

"எனக்குக் குத்தினா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மலையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உங்களோடு அங்கே முள் வெட்ட வரும் ஸ்டெல்லா டீச்சரைத்தான் முடியவில்லை. நான் இருட்டில் எழுந்து அவித்துக் கொடுத்த இட்லியை அவள் சாப்பிடுவாள். அவள் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை நீங்கள் சாப்பிடுவீர்கள். சாப்பிட்டதோடு விட்டீர்களா? வீட்டுக்கு வந்து, "சரோஜா, லெமன் ரைஸ்னா அது லெமன் ரைஸ்" என்றீர்கள். அன்று மாலை காபியில் நான் சர்க்கரை போடவில்லை. மறந்து போய் என்று நினைத்தீர்களா?

நீங்கள் போனது ஒரு வியாழக்கிழமை, நம் வீட்டுக் கூடத்தில், என் மடியில். மலையில் விழுந்து போயிருந்தால் உங்களை மன்னித்திருக்கவே மாட்டேன். அந்த ஒன்றில் மட்டும் நான் ஜெயித்தேன். அப்படியும் உங்கள் மலைக்கூட்டம் வந்து வாசலை அடைத்துக்கொண்டது. ஸ்டெல்லா என்னைவிடச் சத்தமாக அழுதாள். அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

காரியம் முடிந்த மறுநாளே பாஸ்கர் வந்து நின்றார். உங்கள் கூட முள் வெட்டும் ஆட்டோக்காரர்தான்.

"அண்ணி, அண்ணனோட வெட்டுக்கத்தி வூட்ல கீதா? குட்த்தீங்கன்னா நல்லாருக்கும்."

"எதுக்கு?"

"இல்ல அண்ணி... பாதையில அண்ணன் முள்ளு வெட்ன வளைவுக்கு ஒரு ஆளு பாக்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அவரு எடத்துக்கு ஆளா? அதுக்குள்ளயா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி, பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். புடவையில் துருக்கறை பிடித்ததுதான் மிச்சம்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. இந்த முறை சரியான மழை. காம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். நீங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்த டெலிபோனும் அந்த மழையில்தான் வந்தது. நம் பெண் கீழ்க்கட்டளையிலிருந்து தினமும் பேசுகிறாள். யாராவது போன் செய்து உங்களைக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. வெளியே போயிருக்கார் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஸ்டெல்லா வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

"என்னாச்சு?"

"பாறை மேல சுத்திப் போனேங்கா. பாசி வழுக்கிடுச்சு."

"பாதை இருக்கும்போது பாறை மேல ஏன் போறே?"

"அண்ணன் வளைவு மூடிக்கிச்சுக்கா. சீமைக் கருவேலம் ஆள் ஒசரத்துக்கு நிக்குது. எல்லாரும் பாறையைச் சுத்தித்தான் போறாங்க."

"அப்ப நீங்கள்லாம் எதுக்கு இருக்கீங்க? வெட்ட வேண்டியதுதானே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அண்ணன் வளைவுல நாங்க எப்படிக்கா கத்தி வைக்கிறது?"

அப்போதுதான் உங்கள் கூட்டத்தின் சட்டமே எனக்குத் தெரிந்தது. ஆளுக்கு ஒரு வளைவு. காய்ச்சலில் படுத்தாலும், ஊருக்குப் போனாலும், ஒருவர் வளைவில் இன்னொருவர் கத்தி வைக்கக் கூடாது. விட்டுப் போகிறவர் தன் கத்தியை யார் கையில் கொடுக்கிறாரோ, வளைவு அவருக்கு. உங்கள் கத்திதான் என் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் தூங்குகிறதே! அதனால் அத்தனை பேரும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீங்கள் வருஷக்கணக்கில் காத்த பாதையை முள்ளுக்குத் தாரை வார்த்திருக்கிறார்கள். இப்படியும் உண்டா ஒரு மரியாதை?

"கத்தியைக் குடுத்துடுங்கக்கா. யாருக்கு வேணாலும் குடுங்க. எனக்குக் குடுத்தாலும் சரி, கை கூடினதும் நான் பாத்துக்கறேன்."

எனக்குக் குடுத்தாலும் சரியாம். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. "யாருக்கும் குடுக்கறதா இல்ல. நானே வர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, முதல் ஞாயிறு பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. புடவைக்கு மேல் உங்கள் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தேன். மழைத்தண்ணீர் பாதையை அறுக்காமல் இருக்க நீங்கள் குறுக்கே பதித்த கற்களை ஸ்டெல்லா காட்டினாள். ஒன்றுகூட அசையவில்லை. நம் வீட்டுத் துணி துவைக்கும் கல் நான் வந்த நாளிலிருந்து ஆடுகிறது, தெரியுமா?

உங்கள் வளைவில் அவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். முள்ளை விலக்கிப் பார்த்தால், அடியில் நீங்கள் வெட்டிய கட்டைகள். மற்ற வளைவுகளில் வெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உங்களுடையது மட்டும் மறுபக்கம். இடதுகைக்காரர் வெட்டு. வரிசையாக, அத்தனையும் உங்கள் கை.

அதிலிருந்துதான் புது முள் கிளைத்திருந்தது. உங்கள் வெட்டுக்குக் கீழே வெட்டினால்தான் பாதை திறக்கும். வெட்டினால் உங்கள் கை போய்விடும். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை ஏன் இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள்?

பிறகு எழுந்து வெட்டினேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக. அழுதுகொண்டே வெட்டினேன், உங்களைத் திட்டிக்கொண்டும் வெட்டினேன். இப்போது பாதை திறந்துவிட்டது. போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக நடந்து போனாள்.

ஒரே ஒரு கட்டையை மட்டும் விட்டிருக்கிறேன். பாதையை ஒட்டி நிற்கிறது.

"அக்கா, இது யார் காலையாவது கிழிச்சிடும்" என்றாள் ஸ்டெல்லா.

"தள்ளுங்க அண்ணி, ஒரே போடு" என்று பாஸ்கர் தங்கள் சட்டத்தையும் மறந்து கத்தியை ஓங்கிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மேலே இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்வது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுவும் துளிர்த்துவிட்டது. புதுக்கிளை உங்கள் வெட்டை மூட ஆரம்பித்துவிட்டது. நான் விட்டுவைத்தாலும் அது உங்களை விட்டுவைக்காது.

வருகிற ஞாயிறு அதையும் வெட்டிவிடுகிறேன். இது சத்தியம். ஆனால் அன்று எல்லாரையும் கீழேயே நிற்கச் சொல்வேன், ஸ்டெல்லாவை இன்னும் தள்ளி. உங்கள் கை பட்டதைக் கடைசியாகப் பார்ப்பது நானாகத்தான் இருக்க வேண்டும்.

உங்களை இன்னும் யாருக்கும் பங்கு கொடுக்க மனம் வராத,
உங்கள் மனைவி
சரோஜா