கடைவீதியில் வைத்த சூரியன்

திருச்சி
12-3-62

அன்பு மகன் அழகிரிக்கு அம்மா அமிர்தம் எழுதுவது. காவேரித் தாய் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், நீ அந்தப் பிலாய் வெயிலிலும் இரும்பாலை உலைச் சூட்டிலும் உடம்பைக் கெடுத்துக்காம இருக்கியான்னுதான் எனக்கு எப்பவும் நினைப்பு. தினம் ரொட்டி தின்னு வயிறு காய்ஞ்சு போச்சுன்னு எழுதியிருந்தே, ராத்திரிக்காவது மோர் ஊத்தி சாப்பிடு. அப்பா தேறிட்டாங்கன்னு போன லெட்டரில் நான் ஒரு வரி எழுதினதுக்கு எப்படித் தேறினாங்கன்னு கேட்டிருக்கே, விவரமா எழுதறேன்.

கொடைக்கானல் மலை வான ஆராய்ச்சிக் கூடத்தில் இத்தனை வருஷம் தினம் சூரியனைப் படம் பிடிச்ச மனுஷன், வலது கண் போய் இடது கண்ணும் மங்கி ரிட்டையராகி வந்ததிலிருந்து எப்படி இருந்தாங்கன்னு நீ பொங்கலுக்கு வந்தப்பவே பார்த்தே. தன்னோட டெலஸ்கோப்பைக் கம்பளியில் சுத்தி பரணில் போடச் சொல்லிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவங்கதான். நீ ஊருக்குப் போன பிறகு இந்த எட்டு கிரகம் ஒண்ணா கூடுது, தை அமாவாசையோட உலகம் அழியப் போவுதுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. அடுத்த வீட்டுப் பாப்பாயி தன்னோட ரெண்டு ஆட்டையும் வித்து பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துட்டா, சாகறப்ப எல்லாரும் ஒண்ணாவே சாவோம்னு மகள்களை ஸ்கூலுக்கும் அனுப்பலை. ஒரு நாள் காலையில அழுதுக்கிட்டே வந்து, ஐயா நீங்க சூரியனையே படம் பிடிச்சவங்க, வீடு இடிஞ்சு விழறப்ப சின்னப் பொண்ணுக்கு வலிக்குமான்னு அப்பாகிட்ட கேட்டா. அன்னிக்கு அப்பாவுக்குச் சோறே இறங்கலை.

மறுநாள் விடிஞ்சதும் ஒரு பூசணிக்காய் வாங்கிட்டு வான்னாங்க. கூட்டுக்குன்னு நினைச்சு கால் துண்டு வாங்கப் பார்த்தேன், முழுசா உருண்டையா வேணும், கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், மிளகு, கடுகு எல்லாம் வேணும்னாங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு பாப்பாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு மலைக்கோட்டைக்குக் கீழே தெப்பக்குளம் முனைக்கு வந்து பூசணிக்காயை வச்சாங்க. இதுதான் சூரியன்னாங்க. அங்கிருந்து நடந்து புதனுக்கு ஒரு கடுகு, சுக்கிரனுக்கு ஒரு மிளகு, நம்ம ஷேக் தாவூது பாய் ஜவுளிக்கடை வாசல் வந்ததும் இன்னொரு மிளகை எடுத்து பாப்பாயி கையில் கொடுத்து, நாமெல்லாம் இதில்தான் குடியிருக்கோம், கீழே போட்டுடாதேன்னாங்க. அந்த மிளகுக்குப் பக்கத்திலேயே சந்திரனுக்கு ஒரு கசகசா. அப்புறம் செவ்வாய்க்கு ஒரு கடுகு. கூட்டம் சேர்ந்துடுச்சு. கண்ணு தெரியாதவரு ஆகாசத்தைக் காட்ட வந்துட்டாருன்னு எவனோ சத்தமா சொன்னான், சிரிச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு, வாங்க வீட்டுக்குப் போயிடலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்பா அசையலை. கண்ணு தெரியாததால்தான் தம்பி காலால் நடந்து காட்டறேன், நீங்களும் கூட நடங்கன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. சிரிச்சவனும் சேர்ந்து நடந்தான். வியாழனுக்கு எலுமிச்சை வைக்கிறதுக்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு, சனிக்கு நெல்லிக்காய் வைக்க பெரிய கடை வீதிக்குள்ளே வெகுதூரம் போகணும்னாங்க. தாவூது பாய் கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு, நெல்லிக்காயை வாங்கிக்கிட்டு தானே ஓடினார். கேதுவுக்கு என்ன காய்னு ஒருத்தர் கேட்டதுக்கு அப்பா வெறுங்கையை விரிச்சுக் காட்டினாங்க, அது கணக்குக்கு வச்ச புள்ளி, அங்கே பொருளே கிடையாதுன்னாங்க. அப்புறம் பாப்பாயிகிட்ட, எல்லாம் ஒரே பக்கமா நின்னாலும் இந்த நெல்லிக்காய் வந்து உன் மிளகை முட்டுமாம்மான்னு கேட்டாங்க. அவ எட்டி எட்டிப் பார்த்தா. எங்கேங்க இருக்கு அது, பாயே கண்ணுக்குத் தெரியலையேன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, இந்தத் தடவை அப்பாவும்.

அமாவாசை அன்னிக்கு அம்மாமண்டபம் படித்துறையில் எப்பவும் போல கூட்டம், தர்ப்பணம் முடிச்சு ஜனங்க வீடு திரும்பினாங்க, ஒண்ணும் ஆகலை. மறுநாள் பாப்பாயி மகள்கள் புதுத்துணியோடு ஸ்கூலுக்குப் போனதுங்க. வித்த ஆடுதான் திரும்பி வரலை, அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கு. கடைவீதிக் கூட்டத்தில் நின்ன ரோசரி டீச்சர், பாலக்கரையில் பெண்கள் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், வீட்டுக்கே வந்து சனிக்கிழமை தோறும் எங்க பிள்ளைகளுக்கு வானத்தைப் பத்திச் சொல்லிக் கொடுங்கன்னு கேட்டாங்க. இப்ப அப்பா வெள்ளிக்கிழமையே சட்டை இஸ்திரி போட்டாச்சான்னு கேட்டு என் உயிரை எடுக்கறாங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு உன்கூடவே வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தே. உன் மனசு எனக்குத் தெரியும்ப்பா, கோவிச்சுக்காதே. பரீட்சை லீவுக்கு வரோம், திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துடு.

நேத்து சாயங்காலம் டெலஸ்கோப்பைப் பரணிலிருந்து இறக்கி மாடியில் வச்சோம். எங்கே திருப்பணும்னு அப்பா சொல்ல, நான்தான் பார்த்தேன். கட்டிக்கிட்டு வந்த நாளிலிருந்து அடுப்படி வேலையில் நான் அதில் ஒரு தடவைகூட கண்ணை வச்சதில்லை. பிறை ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குன்னேன். இருட்டுப் பக்கத்து ஓரத்தில் ஒரு மலை உச்சியில் மட்டும் வெயில் பட்டிருக்கும், நல்லா பாருன்னாங்க. பார்த்தேன் அழகிரி. அங்கே பொழுது விடிஞ்சுக்கிட்டு இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி. ரங்கநாதர் கிருபையில் நீ நூறு வயசு நல்லா இருக்கணும். அடுத்த லெட்டரை அப்பா பேருக்கே போடு, எழுத்தை மட்டும் பெரிசா எழுது. தானே படிச்சுக்குவாங்களாம், நான் படிச்சா அவசரமா படிக்கிறேனாம்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
வெ. அமிர்தம்