அப்பா செய்த இடது மட்கார்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடுதான் எழுத உட்கார்ந்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ நடுவே ஒரு கேள்வி கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். நான் நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு வார்த்தை கோவையாகப் பேச இன்றைக்கும் கூச்சம், எழுதும்போது குறுக்கே யாரும் வரமாட்டார்கள். அத்தை வந்துவிட்டுப் போனாள், உனக்கென்று ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறாளாம், கை இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால் அதிர்ஷ்டம், எப்படி இருந்தாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடு. குளியலறைக் குழாய் ஒழுகியது நின்றுவிட்டது. அப்பாவின் கார்ப் பட்டறைக் கூரையில் ஒரு தகரம் மாற்றினோம்.

போன தடவை நீ சொன்னதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலம்மா, சாப்டியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு போனை உன் கையில திணிச்சுட்டுப் போயிடறார், நான் இங்க வந்தது அவருக்குப் பிடிக்கலைன்னா வேலையே வேண்டாம், எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றாய். அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே கண்ணு. உனக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் பட்டறைக்கு வந்த ஒரு காரிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

நம் தெரு முனையில் இருக்கிறாரே பல் டாக்டர், அவர் ஒரு காரை இழுவை வண்டியில் கொண்டு வந்து இறக்கினார். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், தவளை மாதிரி தரையோடு தரையாக இருக்கிறது, அவருடைய மாமனார் கொட்டகையில் மூடிக் கிடந்ததாம். இடது முன் மட்கார்டு முழுக்கத் துரு, அப்பா ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினார், அப்பளத்தில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. அந்தக் கார் செய்த கம்பெனியே இப்போது இல்லை, மாற்று மட்கார்டுக்கு எங்கே போவது, நாமே செய்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உன் முதல் பள்ளிக்கூட நாளில் இருந்த மாதிரி இருந்தது. நன்றாக இருந்த வலது மட்கார்டின் மேல் தடித்த காகிதத்தை ஒட்டி அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டுத் தகடு வெட்டினார். மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்துக் மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் குழி எடுத்தார், மூன்று துண்டாகச் செய்து நம் வெல்டர் ஒன்றாகப் பற்றவைத்தார். அதுதான், ஒரு வேலையும் அவசரமாகச் செய்யாததால் எல்லோரும் ராக்கெட் என்று கூப்பிடுவோமே, அவரேதான்.

பற்றவைத்த இடத்தைச் சமமாக்குவதுதான் கடைசி வேலை. தகட்டுக்கு அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே சுத்தியலால் அடிக்க வேண்டும். அடி கட்டைக்கு நேராக விழுந்தால் டங்கென்று ஒலிக்கும், விலகி விழுந்தால் மொத்தென்று இருக்கும், நேர் அடி தகட்டை நீட்டும், விலகிய அடி மேட்டை மட்டும் அமுக்கும். அடியிலிருக்கும் கட்டை கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா அடித்தார், முடித்தார், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேடு பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், திருப்தியாக டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனார். நான் டீ கொண்டுபோய் நின்றபோது ராக்கெட் சும்மா போகிற போக்கில் சக்கரத்துக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார், தகர டப்பா மூடி மாதிரி உள்ளே போய் டொக்கென்று வெளியே வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் டொக். ஒரே இடத்தில் டங்கென்ற அடி அதிகமாக விழுந்து தகடு நீண்டுவிட்டது. அப்பா அப்போது எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார், அவ்வளவு பெரிய சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராக்கெட் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

எனக்குச் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அவர் கட்டை விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். விரலுக்குத் தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நிமிர்ந்து, "உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார். குக்கர் விசிலடித்துக் கொண்டிருக்க அதன் பக்கத்திலேயே நின்று நீங்கள் பேப்பர் படித்தீர்களே அன்றிலிருந்து என்று முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும், நீ திட்டறது கேக்காம போச்சே, அன்னிக்கே சந்தேகப்பட்டேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு, பரவாயில்லண்ணே, கொஞ்சம் பட்டி வச்சு அடைச்சுடுங்க, பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும் என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அப்பா அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொத்தையை உள்ள விட்டுட்டு மேல அடைப்பீங்களா டாக்டர்?" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். நீண்ட இடத்தைக் கேஸ் நெருப்பில் காசளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைத்தால் தகடு சுருங்குமாம். தட்டும்போது நான் அவர் தோளில் கை வைத்திருக்க வேண்டும், மொத்தென்று விழுந்தால் கை அசையக் கூடாது, டங்கென்று ஒலித்தால் அழுத்த வேண்டும், இதுதான் ஏற்பாடு. ராக்கெட் சும்மா இருப்பாரா, "இத்தனை வருஷமா அண்ணன் தோள்ல கை போட ஒரு சாக்குத் தேடிட்டிருந்தீங்களாக்கா" என்று கேட்டு என்னைச் சிவக்க வைத்தார், நல்லவேளை அப்பாவுக்குக் கேட்கவில்லை. முதலில் நிறைய அழுத்தினேன், போகப் போக என் கை சும்மாவே இருந்தது. கடைசியில் விரலால் அழுத்தினால் தகடு அசையவில்லை. காரில் மாட்டிப் பார்த்தபோது கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள சந்து மேலே அகலமாகவும் கீழே ஒட்டிக்கொண்டும் இருந்தது, போல்ட்டைத் தளர்த்தி உள்ளே வாஷர் வைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, மேலிருந்து கீழே வரை ஒரே சந்தாகக் கொண்டுவந்தார். டாக்டர் கதவைச் சாத்தித் திறந்து சாத்தித் திறந்து குழந்தை மாதிரி விளையாடினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காது டாக்டர் என் கூடப் படிச்சவங்கதான், அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க என்றார்.

போய் வந்தோம். வருஷக்கணக்காக இரும்புச் சத்தம் கேட்டுக் கேட்டு வந்ததாம், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள், காதுக்கு மிஷின் சொல்லிவைத்திருக்கிறோம், வர நாளாகும். அடிக்கும்போது காதை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், மூடிக்கொள்கிறார், என் கைதான் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் நீ கோபம் என்று நினைப்பதைச் சொன்னேன். "கோபமா? அவ மேலயா?" என்று கேட்டார். "போன்ல அவ குரல் எங்கயோ தண்ணி கொதிக்கிற மாதிரி கேக்குதுடி, ஒரு வார்த்தை பிடிபட மாட்டேங்குது, அவ ஏதாவது கஷ்டத்தைச் சொல்லி நான் பாட்டுக்குச் சிரிச்சு வச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்துதான் உன்கிட்ட கொடுத்துடறேன்" என்றார். பிறகு வெளியே போய், காலையில் துடைத்த ஸ்கூட்டரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று முதலில் எழுதவே விடவில்லை, அப்புறம் அவராகவே வந்து, "எழுது, ஆனா வேலையை விடாதேன்னு பெரிசா எழுது" என்றார். இதோ பெரிதாகவே எழுதுகிறேன், வேலையை விடாதே. இன்னொன்றும் சொன்னார், நீ அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து என்ன பேசினாய் என்று ஒன்றும் தனக்குத் தெரியாதாம், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார், மெதுவாகப் பேசு, கத்த வேண்டாம். தைரியமாகவும் சந்தோஷமாகவும் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உனக்கு அழுகை வந்தால் சின்ன வயதிலிருந்தே வாயைக் கையால் பொத்திக்கொள்வாய், அன்றைக்கு அப்படிச் செய்யாதே, அழுதுகொண்டே பேசினாலும் பரவாயில்லை, அப்பா உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா