காருக்கு வைத்த மூக்கு

மச்சான்,

இன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்றைத் தாராளமாக இழுக்கும்படி தனியாக விற்கிற குழாயும் ஃபில்டரும் வாங்கி மாட்டியிருக்கிறார். புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றார். இந்த வயதில் முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

எழுபதுகளில் நாம் கூட்டாக ஓட்டிய வாடகை அம்பாசடருக்கு இதே மாதிரி ஒன்றை மாட்டினோமே. காதில் ரத்தம் வந்து நீ சங்கு குளிக்கிற தொழிலை விட்டிருந்த சமயம். நீ சவாரி பிடிப்பாய், நான் ஓட்டுவேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரன் விற்ற சாமான் அது. பெட்டியில் இருந்த எழுத்து நம் இருவருக்கும் புரியவில்லை, படம் மட்டும் புரிந்தது. படத்தில் குழாய் பம்பருக்குப் பின்னால் கீழே இறங்கியிருந்தது. அங்கேதான் சூடில்லாத காற்று கிடைக்கும் என்று நான் விளக்கினேன்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலே, மேல தூக்கி வைலே. தண்ணியில எறங்குதவனுக்கு மூக்குதாம்ல முக்கியம்" என்றாய்.

"கார் என்ன சங்கு குளிக்கவா போவுது?" என்றேன். நீயே சிரித்துவிட்டாய். உன் வாயை அடைத்த பெருமையோடு, ஹெட்லைட்டுக்குப் பக்கத்துத் தகரத்தை உளியால் வெட்டி, குழாயைக் கீழே இறக்கி கிளாம்ப் போட்டு முறுக்கினேன். எனக்குப் படித்தவன் என்ற திமிர். எட்டாம் வகுப்புக்கே அவ்வளவு திமிர்.

பொய் சொல்லக் கூடாது, வண்டி பறந்தது. சாகுபுரம் சவாரி முடிந்து திரும்பும்போது நீ தலையை வெளியே நீட்டி, "மக்கா, இது காரு இல்லலே, கடல்ல பறக்குத லாஞ்சி!" என்று கத்தினாய். அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் அப்படிச் சிரித்ததில்லை.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. உன் பெண்டாட்டி, தங்கச்சி என்றே நான் கூப்பிட்டவள், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரிக்கு உப்பளத்து ரோடு ஒன்றுதான் வழி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். நமக்கு முன்னால் போன கார் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டது. நம்முடையதைவிடப் பழைய வண்டி அது. நாம் நடுத்தண்ணீரில் மடக்கென்ற சத்தத்தோடு நின்றோம். குழாய் வழியாக இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டது. மழைக்கு முன்னால் அதைத் தூக்கிக் கட்ட அரைமணி நேரம் போதும். எனக்கு நினைப்பே வரவில்லை.

பின்சீட்டில் சுருண்டு கிடந்த நீ, "வந்தாச்சாலே?" என்று கேட்டாய்.

"இந்தா, வந்தாச்சு மக்கா" என்றேன். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். அக்கரையில் ஒரு உப்பு லாரி கிடைத்தது. டாக்டர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

தங்கச்சியிடம் பேட்டரி போய்விட்டது என்று சொன்னேன். வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்றே குழாயைப் பிடுங்கி எறிந்தேன். அவள் நம்பினாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பிள்ளைகளிடம், "எங்க அண்ணன் இல்லன்னா அந்த மழையில ஒங்க அப்பாவ யாரு தூக்கிச் சுமந்திருப்பா?" என்பாள். இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போங்கள் அண்ணே என்பாள். போய்க் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் காபி குடித்தேன்.

போன மாதம் அவளும் போய்விட்டாள். தன் சவப்பெட்டிக்கு முதல் தோள் நான்தான் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். "வயசான காலத்துல வேண்டாம் மாமா" என்று அவர்கள் தடுத்தார்கள். கொடுத்தேன் மச்சான். தலைமாட்டுப் பக்கம் பிடித்தேன். வீட்டிலிருந்து மாதா கோயில் வரைக்கும் என் வாய்க்குப் பக்கத்திலேயே, ஒரு பலகைக்கு அந்தப்புறம், அவள் காது இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.