இடது கன்னத்து வெயில்

என் கண்ணுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நடுவில் என் முகம் மட்டும் கொஞ்ச நாள் நன்றாக இல்லை, இப்போது அதுவும் தேறிவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும். போனில் சொன்னால் நடுநடுவே சிரித்து என் பேச்சைக் கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நீ வாங்கி அனுப்பியதில் இரண்டு புட்டி இந்தப் பார்சலில் உனக்கே திரும்பி வருகிறதே என்று கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி.

கடைக்கு வந்த புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “க்ரீம் விக்கிற முகம் பளிச்சுனு இருக்க வேணாமாம்மா? அடுத்த மாசத்துல இருந்து நீங்க குடோன்ல பெட்டி பிரிச்சு அடுக்குங்க” என்று சொன்னதைச் சொல்லி அன்றைக்கு உன்னிடம் அழுதேன் அல்லவா, அந்த அழுகைக்குத்தானே நீ முகத்துக்குப் பூசுகிற புட்டிகளாக ஒரு பெட்டி அனுப்பினாய். ஜன்னல் இல்லாத அந்த அறையில் நாள் முழுக்க வாய் திறக்காமல் நின்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உனக்குத் தெரியும். எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், பெல்ட் விற்கிற மனிதருக்கு என்னைவிட வயது கூட, தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, அவர் அனுபவஸ்தராம், நான் கிழவியாம். என் தலைக்கு மேலே மாட்டியிருக்கிற விளம்பரத்தில் சுருக்கம் போக்கும் க்ரீமைப் பூசிக்கொண்டு சிரிப்பவள் பள்ளிக்கூடம் முடித்தே சில வருஷம்தான் இருக்கும். இல்லாத சுருக்கத்தை அவள் போக்கிக் காட்டுகிறாள், இருக்கிற சுருக்கத்தோடு நான் ஒளிந்துகொள்ள வேண்டுமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் விற்றேனே தவிர ஒரு புட்டியையும் என் முகத்துக்கு வாங்கியதில்லை, சாம்பிளைத் தொட்டாலே சோதனை போடுவார்கள். கவுண்டரில் எதையும் தனியாக விற்க விடமாட்டார்கள், செட்டாகத்தான் தள்ள வேண்டும், சொல்லிச் சொல்லி எனக்கே அது மண்டையில் ஏறிவிட்டது. உன் பெட்டி வந்ததும் தோல் உரிக்கிற அமிலம், அதன் மேல் சுருக்கத்துக்குப் பூசுகிற ரெட்டினால், அதன் மேல் இன்னொரு சீரம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அப்பிக்கொண்டு படுத்தேன். எரிந்தது, வேலை செய்கிறது போல என்று சந்தோஷப்பட்டு மறுநாளும் அப்பினேன். முகம் சிவந்து, வீங்கி, மூக்கோரம் எல்லாம் தோல் உரிந்து தொங்கியது. அப்பா பெயிண்ட் டப்பாவும் கையுமாக வேலைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, “ஏம்மா, செவுத்துக்கே ஒரு கோட்டு காஞ்ச பிறகுதான் அடுத்த கோட்டு அடிக்கிறோம், நீ ஈரத்து மேல ஈரமா மூணு கோட்டு அடிச்சா உரியாம என்ன செய்யும்?” என்றார். எனக்கு எரிச்சலில் அழுகை, அழுதால் உப்புத் தண்ணீர் பட்டு இன்னும் எரிச்சல், அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. ஆனால் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான்.

தோல் டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஆறும்வரை வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடச் சொன்னாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “தினமும் பஸ்ல இடது ஜன்னலோரமாவே உக்காந்து போறீங்களாம்மா?” என்று கேட்டாளே பார்க்கணும். என் இடது கன்னத்தில் இருக்கிற சுருக்கம், புள்ளி எல்லாம் வலது கன்னத்தில் பாதிகூட இல்லையாம். கடையின் தெருப் பக்கத்துக் கண்ணாடிச் சுவரை இடது பக்கம் வைத்துக்கொண்டுதான் காலை முழுக்க நிற்கிறேன் என்றேன். தோலைக் கிழடாக்குகிற வெயில் கண்ணாடிக்குள்ளேயும் வரும் என்றாள். பிறகு இதைத்தான் தினமும் செய்யச் சொன்னாள்: காலையில் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீன், கழுத்துக்கும் புறங்கைக்கும் சேர்த்து, மதியம் மறுபடி ஒரு தடவை. முகம் நன்றாக ஆறிய பிறகு இரவில் பட்டாணி அளவு ரெட்டினால், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான், மற்ற நாளில் மாய்ஸ்சரைசர் போதும். அமிலமும் அந்த இன்னொரு சீரமும் எனக்கு வேண்டாம் என்றாள். திரும்பி வருகிற இரண்டு புட்டி அவைதான்.

மறுநாள் கடையில் பெண்கள் உடை மாற்றுகிற அறையில் இதைச் சொன்னேன். எதிர்வரிசையில் சென்ட் விற்பவள் கண்ணாடியில் பார்த்து, “அய்யய்யோ, எனக்கு வலது பக்கம்க்கா!” என்று கத்தினாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு அடுத்தவள் முகத்தைத் திருப்பிப் பார்த்து ஒரே கூத்து. என் முகம் ஆறியதிலிருந்து காலையில் சன்ஸ்கிரீன் பூசிய வெள்ளை முகமும் விரித்த விரலுமாக வரிசையில் நிற்கிறோம், ஒருத்தி மறந்த காதோரத்தை இன்னொருத்தி பூசிவிடுகிறாள். வேலைக்குப் போகிற இடத்தில் இவ்வளவு சிரித்து எனக்கு ஞாபகம் இல்லை.

மாதம் பிறந்தது. மேனேஜர் நெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்தார், போன வருஷம் சேர்ந்த உயரமான பெண்ணைச் சொல்கிறேன், அவளை என் இடத்தில் நிறுத்த. நான் பையை எடுத்துவிட்டேன் கண்ணு, பொய் சொல்லவில்லை. அவள் நகரவில்லை. “சார், அக்கா நின்ன இடத்துல நின்னா எனக்கும் இந்தக் கன்னம் வந்துரும், அப்புறம் என்னையும் பெட்டி பிரிக்க அனுப்புவீங்க. அந்தக் கண்ணாடிக்குத் திரை போடுங்க. அக்கா இங்கயே நிக்கட்டும், இல்லைன்னா நானும் குடோனுக்குப் போறேன், க்ரீமை நீங்களே வித்துக்குங்க” என்றாள். சென்ட்காரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள், பெல்ட்காரரும் வந்தார். க்ரீம் வாங்க வந்து காத்திருந்த ஓர் அம்மாள் வேறு, “அவங்கள எங்க அனுப்புறீங்க? என் வயசுக்காரி இங்க அவங்க ஒருத்திதான். இந்தச் சின்னப் பொண்ணுகிட்ட நான் சுருக்கத்தைப் பத்தி என்னத்தக் கேக்குறது?” என்று பிடித்துக்கொண்டார். மேனேஜர் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “சரி, இப்போதைக்கு இருங்க” என்று போய்விட்டார். இப்போதைக்கு என்கிற வார்த்தையில் விஷம் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்த வாரம் திரை வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு நான் சன்ஸ்கிரீன் ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினேன், செட்டு கிட்டு ஒன்றும் தள்ளவில்லை.

நீ வெயிலில் நின்று நிலம் அளக்கிறவள், தொப்பி போட்டால் போதும் என்று இருக்காதே, காதையும் பின்கழுத்தையும் விடாதே, இந்தப் பார்சலில் ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் வைத்திருக்கிறேன். முப்பது வயதில் சுருக்கத்துக்குப் பயப்படவும் வேண்டாம், தோல் கருகாமல் இருந்தால் சரி. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அவரும் பூசிக்கொண்டுதான் ஏணி ஏறுகிறார், கேட்டால் இல்லை என்பார். உடம்பும் மனசும் நிறைந்து நீ நீடூழி வாழ வேண்டும். சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம், மறக்காதே. என் சுருக்கம் போகவில்லை, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். நானும் போகவில்லை.

க்ரீம் கவுண்டரிலேயே நிற்கும்
உன் அம்மா