மூன்று வருடத்தைக் கொடுத்து ஒரு பையன்

அன்புள்ள வில்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் நலம், என் தொப்பையும் நலம்.

டிவியில் பார்த்திருப்பாய். அமெரிக்கக் கால்பந்து அணிகள் வரிசைப்படி புதுப் பையன்களை எடுக்கும் வீரர் தேர்வில், பதினொன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவ, எங்கள் அணி முதலாளி மூன்று வருடத்து முதல் சுற்று வாய்ப்புகளையும் தாரைவார்த்துவிட்டார். எல்லாம் கோல்பி என்கிற குவார்ட்டர்பேக், அதாவது பந்தெறியும் பையனுக்காக. எதிரே மறிக்க ஒருவருமில்லாமல், அரைக்கால் சட்டையில் அவன் பந்தெறிந்து காட்டியதில் மனிதர் மயங்கிவிட்டார். அப்படியென்றால் நான்கூட எறிவேன். எட்டு மாதம் ஊர் ஊராகக் காரோட்டி, எறிபவன்மேல் எதிரணி பாய்ந்து விழாமல் மறிக்கும் மலைபோன்ற தடுப்பாட்டக்காரர்களை அணிக்காகப் பார்த்து வைத்தவன் நான்.

"தடுக்க ஆள் வேணாமா சார்?" என்றேன்.

"அவன் கை தங்கம்யா. நீ உக்காரு ஹார்லன்."

உட்கார்ந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

நேற்று விமான நிலையத்திலிருந்து கோல்பியை நான்தான் அழைத்துவந்தேன். பாவி, நல்ல பையனாக வேறு இருக்கிறான். காரில் கேட்டான்: "எனக்கு முன்னாடி நின்னு தடுக்கப்போறது யாரு சார்?"

அவர்களை எடுக்கும் வாய்ப்பைக் கொடுத்துத்தானே இவனை வாங்கினோம்? "சாப்டியாப்பா?" என்று கேட்டுவைத்தேன்.

என் கம்பளிக் காலுறையை அனுப்பு. தலையணையையும் அனுப்பு, உன்னுடையதாக இருந்தாலும் சரி. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். செப்டம்பரில் முதல் ஆட்டத்தை நீ பார்க்காதே. பையன் அடிபடுவதை அவன் அம்மா பார்ப்பாள், அது போதும்.

உன்,
ஹார்லன்